வடைப் பார்சலுக்குப் பயந்த நடுவர்

புதிதாக நடுவர் கொடி பிடிக்க வந்திருக்கும் பிள்ளைகளே,

வாளை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத இந்த மனுசன் வாள் போட்டிக்கு எப்படி நடுவரானார் என்று உங்களில் சிலர் என் முதுகுக்குப் பின்னால் கேட்பது எனக்குக் கேட்கிறது. காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. போனது முழங்கால் மட்டும். அதனால்தான் களத்தை விட்டு இறங்கினேன். போகிற போக்கில் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். விதிகளை எழுதப்போவதில்லை. அவை உங்கள் போனில் இருக்கின்றன, என்னைவிட வேகமாகத் தேடி எடுப்பீர்கள். நான் எழுதப்போவது ஒரு வடைப் பார்சலைப் பற்றி. அதைக் கண்டு ஒரு காலை முழுக்க நான் ஓடி ஒளிந்தேன். அதனால் ஒரு பிள்ளைக்குத் தலையில் இரண்டாவது அடி விழப் பார்த்தது.

தமிழ் வாசிக்க வராதவர்கள் இதை அம்மாவிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். அம்மாமார் நடுநடுவே தங்கள் சொந்தக் கருத்தையும் சேர்ப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் சந்தேகப் புத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தக் கதையில் பெரிய பாத்திரம் அதுதான். நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். தென் லண்டன் பாதைகளில் என்னைக் கண்டதும் முழுப் பெட்டியும் நித்திரையாகிவிடும். சிலருக்குத் திடீரென்று ஆங்கிலம் மறந்துபோகும். அப்படியே வாழ்ந்து பழகிவிட்டால் வீட்டுக்கு வந்த பிறகும் மனம் சீருடையைக் கழற்றாது. பால்காரன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று யோசிப்பேன். "இந்த மனுசன் கோயில்ல தாற பிரசாதத்தையும் திருப்பிப் பார்த்துத்தான் வாயில வைக்கும்" என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மைதான். ஒருமுறை அதில் முடி இருந்தது.

அந்தக் காலத்தில் நடந்த ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஒரு மத்தியானம், தோர்ண்டன் ஹீத் நிலையம் வருவதற்கு முன்னால், கோட்டும் டையுமாக ஒரு மனிதர் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தார். கோட்டுப் பையில் தேடினார், காற்சட்டையில் தேடினார், சப்பாத்தைக் கழற்றி அதற்குள்ளும் பார்த்தார். டிக்கெட் அவருடைய இடது கையில் இருந்தது. எனக்கு ஒரே சந்தோசம். இவ்வளவு நல்ல நடிப்பை நான் அதுவரை கண்டதில்லை. பழைய டிக்கெட்டாகத்தான் இருக்கும், என்னைக் குழப்பப் பார்க்கிறார் என்று முடிவுகட்டி, கையைக் கட்டிக்கொண்டு நாடகம் பார்த்தேன். எதிரே தமிழ்க் கடைப் பையில் முருங்கைக்காய் எட்டிப்பார்க்க இருந்த ஒரு அம்மா என்னை முறைத்தார்.

"தம்பி, என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறீர்? அந்த மனுசனுக்கு ரத்தத்தில சீனி இறங்கிட்டுது. ஆள் வேர்த்துக் கொட்டுறது தெரியேல்லையோ?"

மாம்பழச்சாற்றுப் பெட்டியைத் திறந்து அவருக்குக் கொடுத்தவர் அந்த அம்மாதான். கொஞ்ச நேரத்தில் ஆள் தெளிந்து, கையிலிருந்த டிக்கெட்டை என்னிடம் நீட்டி, "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். அது அன்றைய டிக்கெட்தான். ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன்.

சரி, வாளுக்கு வருவோம். ஓடுகிற ரயிலில் நின்று நின்று இடுப்புப் போனபோது, மெதுவான உடற்பயிற்சி செய் என்றார் டாக்டர். லூயிஷாமில் ஒரு தேவாலய மண்டபத்தில் அப்படி ஒரு சீன உடற்பயிற்சி வகுப்பு நடந்தது. மெதுவாகத்தான் இருந்தது. கொஞ்ச நாள் போக, ஆசிரியை என் கையில் ஒரு வாளைத் தந்தார். டாக்டர் சொன்னதில் இது அடங்குமா என்று நான் கேட்டேன். "டாக்டரையும் கூட்டிக்கொண்டு வா" என்றார் அவர்.

அந்த ஆசிரியையின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் கொல்லுவார், அதற்கு வேண்டிய ஆயுதங்களும் அவரிடம் இருக்கின்றன. மலேசியாவின் ஈப்போவில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்த சீனப் பெண்மணி. பியானோ வகுப்பு நடத்திப் பிழைத்தவர். என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் தமிழில் இன்னும் சில சொற்கள் தெரியும். நான் வாள் வீசுவதை ஒரு வருசம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "தம்பி, உன் கை வாளுக்கு ஆகாது. உன் கண் திருடனைப் பிடிக்கிற கண். நடுவராகப் போ" என்றார். அது பாராட்டா, என்னை வகுப்பிலிருந்து கலைக்கிற வழியா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

ஜியன் என்கிற நம்முடைய சீன வாள் நேரானது, இரண்டு பக்கமும் கூர் உள்ளது. போட்டியில் கூரை மழுக்கி, நுனியை உருட்டி வைத்திருக்கிறோம். வாள் பிடிக்காத மற்றக் கையில் இரண்டு விரலை நீட்டி, மிச்சத்தை மடக்கி வைப்பது பழைய வழக்கம். ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொன்று சொல்வார்கள். நடுவில் மூக்குச் சொறியாமல் இருக்கத்தான் என்பது என் கட்சி. ஆனால் நம்முடைய போட்டியில் அந்த விரல்களுக்கு ஒரு வேலை உண்டு. அடி வாங்கியவர் தனக்கு எங்கே பட்டதோ அந்த இடத்தை அந்த இரண்டு விரலால் தானே தொட்டுக்காட்டவேண்டும். யாரும் கேட்கக்கூடாது, தானாகச் செய்யவேண்டும். பழைய பள்ளிகளிலிருந்து வந்த மரியாதை இது.

புள்ளி, கடிகாரம், காணொளி என்று வளர்ந்த ஆக்களுக்கு இந்த மரியாதையில் நம்பிக்கையில்லை. தலைக்கும், தோள் உட்பட உடம்புக்கும் மூன்று புள்ளி, கைகாலுக்கு ஒன்று. நடுவர்களின் கொடிகள் ஒத்துப்போகாவிட்டால் விரல் தொட்ட இடம்தான் கணக்கு. கள்ளத்துக்கு எங்கே வாசல் திறந்திருக்கிறது என்று விளங்குகிறதல்லவா? தோளில் வாங்கிவிட்டு முழங்கையைத் தொட்டால் இரண்டு புள்ளி மிச்சம். இந்த வழக்கத்தைத் தூக்கவேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கத்தியவர்களில் முதல் ஆள் நான். சிரிக்காதீர்கள்.

அந்த வடைச் சனிக்கிழமை கிராய்டன் பக்கம் ஒரு விளையாட்டு மண்டபத்தில் போட்டி. பெண்கள் பிரிவில் வெல்கிற ஒருத்திக்கு பினாங்குப் போட்டிக்குப் போகிற லண்டன் அணியில் இடம். ஒரே ஒரு இடம். இறுதிச் சுற்றுக்கு யார் வருவார்கள் என்று காலையிலேயே எல்லாருக்கும் தெரியும். ஒருத்தி மெகன், வட இங்கிலாந்திலிருந்து வந்து லண்டனில் படிக்கிறவள், நல்ல உயரம், நல்ல கை. மற்றவள் ஆரணி. கிழக்கு லண்டன், ஃபாரஸ்ட் கேட் பிள்ளை. பல்கலைக்கழகம், பிறகு கடையில் ஷிப்ட், பிறகு எங்கள் மண்டபத்தில் வாள் என்று ஓடித்திரிந்தவள். பினாங்குக்குப் போகவேண்டும் என்பது அவளுக்குச் சாப்பாடு மாதிரி. இரண்டு வருசமாக வேறு கதை அவள் வாயில் வரவில்லை.

ஆரணியின் தாயை எனக்கு லூயிஷாம் சிவன் கோயிலில் தெரியும். தெரியும் என்றால், அவர் என்னைக் கண்டும் காணாததுபோல் போவார், நானும் அப்படியே. டிக்கெட் பரிசோதகரோடு சிநேகம் வைத்துக்கொள்ள நம் ஆக்கள் அவ்வளவாக விரும்புவதில்லை. அப்படிப்பட்டவர், போட்டிக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, கோயிலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். வடிவாக, பல் தெரியச் சிரித்தார். அன்றிரவு நான் மனைவியிடம் சொன்னேன்: "ஏதோ இருக்கு."

"என்ன இருக்கு? மனுசி சிரிச்சிருக்கு."

"நாளைக்கு அந்தப் பிள்ளையின்ர இறுதிப் போட்டிக்கு நான்தான் நடுவர்."

"அப்ப நீங்களும் சிரிக்கிறதுதானே? பல்லுக் கழண்டா விழுந்திடும்?"

சனிக்கிழமை காலை மண்டப வாசலில் அவர் நின்றார். கையில் வெள்ளித்தாள் சுற்றிய ஒரு பார்சல். தூரத்திலிருந்தே உளுந்து வாசம் வந்தது.

"அண்ணை, ஒரு நிமிசம் கதைக்கலாமோ? வடை சுட்டுக்கொண்டு வந்தனான்."

என் மூளையில் எல்லா விளக்கும் சிவப்பாகின. பக்கத்திலேயே மெகனின் பயிற்சியாளர், ஒரு தாடிக்காரர், கோப்பி குடித்துக்கொண்டு நின்றார். அவர் பார்சலைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்கள் உறவினரா?" என்றார்.

"இல்லை" என்றேன். உண்மையைச் சொன்னேன். ஆனால் பொய் சொல்கிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன் நான். அந்த முகம் அப்போது என் கழுத்துக்கு மேலே இருந்தது.

"பிறகு, தங்கச்சி, பிறகு" என்று தாயிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

தாய் வாள் பரிசோதிக்கும் மேசைக்கும் வந்தார். நான் தலையை நிமிர்த்தாமல் ஒரே வாளின் நுனியைத் தடவிக்கொண்டிருந்தேன். "அண்ணை, பிள்ளையைப் பற்றி..." என்று தொடங்கினார். பிள்ளையைப் பற்றி! இதைவிட வெளிப்படையாக ஒருவர் என்ன கேட்கமுடியும்? கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று எழும்பிவிட்டேன். திரும்பி வந்தால் கழிப்பறை வாசலில் நிற்கிறார். பானம் விற்கிற இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். என் வயிறு அந்த இயந்திரத்தைவிட அகலம் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"அண்ணை, வயிறு தெரியுது. ஒரே ஒரு கதைதான்."

"இண்டைக்கு நான் ஒருத்தரோடயும் கதைக்க ஏலாது. நடுவர்."

"அதுக்குத்தான் வந்தனான்."

நான் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு தலைமை நடுவரிடம் ஓடினேன். தலைமை நடுவர் என்றால் எங்கள் ஆசிரியைதான். விசயத்தைச் சொல்லி, இறுதிச் சுற்றுக்கு வேறு ஆளைப் போடச் சொன்னேன்.

"வேறு யார்? நடுவில் நிற்கக்கூடியவர்களில் ஒருவன் காலை முறுக்கிக்கொண்டான், மற்றவன் மெகனின் காதலன். வடையை வாங்கினாயா?"

"ஐயோ, இல்லை."

"முட்டாள். வாங்கி எனக்குத் தந்திருக்கலாம். போய் நில், தம்பி. எல்லாரையும் சந்தேகப்படுகிறாயே, இன்றைக்கு உன்னையும் கொஞ்சம் சந்தேகப்படு."

அந்தப் புத்திமதியை நான் பிழையாக எடுத்துக்கொண்டேன். என் மனம் ஆரணிப் பக்கம் சாய்ந்துவிடும் என்று பயந்து, அவளைக் கள்ளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பது என்று முடிவுசெய்தேன். அதுதான் நேர்மை என்று நம்பினேன்.

போட்டி தொடங்கியது. நடுவில் நான், பக்கத்துக்கு ஒருவராகக் கொடியோடு இரண்டு நடுவர்கள். முகமூடி, மெத்தை வைத்த உடுப்பு எல்லாம் உண்டு. ஆனாலும் உருக்கு வாள், முழு வேகம். தலையில் சரியாக விழுந்தால் முகமூடிக்குள் கோயில் மணி அடித்தமாதிரி இருக்கும். ஆரணி நன்றாகத்தான் தொடங்கினாள். முன்னுக்கும் போனாள்.

பிறகு மெகனின் வாள் ஆரணியின் தோளில் இறங்கியது. எனக்குத் தோள் என்றுதான் பட்டது. ஒரு கொடி ஏறியது, மற்றக் கொடி தயங்கியது. நிறுத்தச் சொல்லி ஆரணியைப் பார்த்தேன். அவள் விரல்கள் உடனே எழும்பவில்லை. ஒரு மூச்சு நேரம் கழித்து எழும்பி, முழங்கையைத் தொட்டன.

முழங்கை என்றால் ஒரு புள்ளி.

தாடிக்காரர் இருந்த இடத்தில் எழும்பி நின்றார். சொல்லவில்லை, ஆனால் அந்தப் பார்வை, "வடை வேலை செய்கிறது" என்று சொல்வது எனக்குக் கேட்டது. நான் பல்லைக் கடித்தேன். ஓ, அப்படியா கதை? தாய் வெளியே, மகள் உள்ளே.

அடுத்தது தொடையில் பட்டது. ஆரணி மணிக்கட்டைத் தொட்டாள். இரண்டுக்கும் ஒரே புள்ளிதான், அதில் அவளுக்கு லாபம் இல்லை. ஆனால் என் சந்தேகம் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தது: பழக்கப்பட்ட கை, தேவையில்லாத இடத்திலும் பொய் சொல்கிறது. பாருங்கோ, சந்தேகம் ஒருமுறை கதிரை போட்டு இருந்துவிட்டால் எந்தச் சாட்சியும் அதற்குச் சாதகமாகத்தான் பேசும். அவளைக் கூப்பிட்டு எச்சரித்தேன்.

"பட்ட இடத்தைக் காட்டவேணும், பிள்ளை. பட்ட இடத்தை."

"காட்டினனான்தானே, அங்கிள்."

முகமூடிக்குள்ளிருந்து வந்த குரலில் திமிர் இல்லை. அதையும் நான் கவனித்தேன், கவனித்துவிட்டு ஒதுக்கினேன். இன்னொருமுறை இப்படிச் செய்தால் கறுப்பு அட்டை, போட்டியை விட்டே வெளியே அனுப்புவது என்று மனதில் எழுதிவிட்டேன். அட்டை என் சட்டைப்பையில் சூடாக இருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. ஆரணி உள்ளே பாய்ந்து, அழகாக, எங்கள் ஆசிரியை பார்த்துத் தலையாட்டக்கூடிய அழகோடு, மெகனின் முகமூடியில் ஒரு வெட்டு வைத்தாள். "டங்" என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. மெகன் நல்ல பிள்ளை. உடனே இரண்டு விரலையும் தன் முகமூடியில் வைத்தாள். இரண்டு கொடியும் ஏறின. ஆரணிக்கு மூன்று புள்ளி. இன்னும் ஒரு அடி, பினாங்கு.

ஆனால் ஆரணியின் விரல்களும் மேலே போயின. தன் முகமூடியைத் தொட்டாள். தனக்குத் தலையில் பட்டது என்று காட்டினாள்.

ஒரே சத்தம்தான் கேட்டது. மெகனின் வாள் அவளைத் தொடவே இல்லை. மெகனே குழம்பிப்போய், "இல்லை, நான் அடிக்கவில்லை" என்றாள். ஆரணி விரலை எடுக்கவில்லை.

நான் சட்டைப்பையில் கையை வைத்தபடி நின்றேன். என் சந்தேகம் வழக்கம்போல் ஒரு விளக்கம் தேடியது. இதில் என்ன லாபம்? வென்ற இடத்தில் தோற்றதாகக் காட்டுவதில் என்ன கள்ளம்? ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாத அந்த இடைவெளியில், கோட்டும் டையுமாக ஒரு மனிதர் சப்பாத்தைக் கழற்றி டிக்கெட் தேடினார்.

"நிறுத்து" என்றேன். ஏற்கனவே எல்லாரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

"ஆரணி, முகமூடியைக் கழட்டு."

கழற்றினாள். கூரை விளக்கின் வெளிச்சம் முகத்தில் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். நெற்றியெல்லாம் வேர்வை. அது எல்லாருக்கும்தான் இருந்தது, எனக்கும் இருந்தது.

"ஸ்கோர் என்ன, பிள்ளை?"

தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்து, சரியாகச் சொன்னாள். கெட்டிக்காரி. தாடிக்காரர் கத்தத் தொடங்கினார்: "களைத்துப்போன பிள்ளைக்கு ஓய்வு கொடுக்கிறீர்களா? என்ன விளையாட்டு இது?"

"இதுக்கு முதல் ஆரோட விளையாடினனீ? அரையிறுதியில?"

சிரித்தாள். "அங்கிள், நீங்கதானே ஜட்ஜ். உங்களுக்குத் தெரியாதோ?"

நல்ல பதில். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு "சரி, தொடங்குங்கள்" என்று சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

"எனக்குத் தெரியும். நீ சொல்லு."

அவள் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நின்ற தாயைத்தான் பார்த்தாள், வகுப்பில் விடை தெரியாத பிள்ளை பக்கத்து மேசையைப் பார்ப்பதுபோல். தாயிடம் இன்னும் அந்தப் பார்சல் இருந்தது. அவர் அதை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"அம்மா, நோ" என்றாள் ஆரணி.

"அண்ணை, போன கிழமை பயிற்சியில பிள்ளை பின்பக்கமா விழுந்து தலை தரையில அடிபட்டது. அண்டைக்குத் தொடக்கம் ஒரே சத்தி, சாப்பிட்டது வயித்தில நிக்குதில்லை. குசினியில லைட் போட்டாலே கண்ணைப் பொத்துறாள். கிளப்பில ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு சிவன்ர சந்நிதியில சத்தியம் வாங்கிப்போட்டாள். நீங்கள் கோயில் ஆள்தானே, கிளப் ஆள் இல்லையெண்டு மனசைத் தேத்திக்கொண்டுதான் விடியத் தொடக்கம் உங்களுக்குப் பின்னால திரியிறன்."

முழு மண்டபமும் கேட்க, தமிழில், ஒரே மூச்சில் சொன்னார். அதில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

ஆசிரியை எழும்பி வந்தார். ஈப்போத் தமிழுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

"போட்டியை முடிக்கிறாயா? ஒரு அடிதான் மிச்சம், தம்பி. அவள் முன்னுக்கு நிற்கிறாள்."

"முடிக்கிறன். அவள் விளையாட ஏலாது."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"இல்லை."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆரணியிடம் போய் வாளைக் கேட்டார். ஆரணி கொடுக்கவில்லை. ஆசிரியை கையை நீட்டியபடியே நின்றார். பியானோவில் ஒரு பிள்ளை பிழையான கட்டையை விட்டு விரலை எடுக்கும்வரை காத்திருப்பவர்போல. கடைசியில் வாள் கை மாறியது.

விளையாட முடியாதவர் தோற்றவர். விதி அதுதான். மெகனுக்கு வெற்றி, மெகனுக்கு பினாங்கு. அந்தப் பிள்ளை சந்தோசப்படத் தெரியாமல் நின்றாள். தாடிக்காரருக்கும் அது பிடிக்கவில்லை. கத்துவதற்கு இருந்த காரணத்தை நான் பறித்துவிட்டேன். ஆரணியின் கூட்டாளிகள் என்னைப் பார்த்த பார்வை வேறு. ஒரு பக்கம், சொந்த ஆளுக்குச் சாய்ந்தான் என்று காலையிலிருந்து சந்தேகித்தது. மறுபக்கம், சாயவில்லை என்று காட்டச் சொந்தப் பிள்ளையையே விற்றான் என்று மத்தியானத்திலிருந்து சந்தேகித்தது. ஒரே நாளில் இரண்டு கட்சியையும் ஒற்றுமையாக்கினேன்.

கதிரையில் இருத்தியபோது ஆரணி என்னிடம் சொன்னதுதான் நெஞ்சுக்குள் இறங்கியது.

"அங்கிள், உங்களுக்குப் பயம். ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டு பயம். அதுதான் நிப்பாட்டினீங்கள்."

காலை முழுக்க நான் ஓடியது அந்தப் பயத்தில்தானே? அதே பயம் மத்தியானம் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்திருந்தால்? அவள் தாயோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை வாசலில் நின்றுகொண்டு இதைத்தான் யோசித்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தாய் போன் எடுத்தார். மூளை அதிர்ந்திருக்கிறது, வாளைத் தொடவே கூடாது, படிப்புக்கும் கொஞ்ச நாள் ஓய்வு என்று சொல்லியிருக்கிறார்கள். "இன்னொருக்கா தலையில பட்டிருந்தா எண்டு டாக்டர் சொன்னவர், அண்ணை..." என்று தொடங்கி, அதை முடிக்காமல், மனைவி சுகமோ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், கேளாமலே சீனி கூடப் போட்டிருந்தாள்.

இப்போது உங்களுக்கு. போட்டி நாளில் யாராவது பார்சலோடு வந்தால் ஓடாதீர்கள். இன்னொரு நடுவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்பாட்டிவிட்டு, "சொல்லுங்கோ" என்று கேளுங்கள். கையூட்டு என்றால் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கலாம். வேறொன்று என்றால் இரண்டு பேர் காதிலும் விழும். சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன்; சொன்னாலும் என் வாய் கோணிப்போகும். ஆனால் ஒருவர் தனக்கு நட்டம் வருகிறமாதிரிப் பிழை விடுவதைக் கண்டால், அட்டையை விட்டுவிட்டு ஆளின் முகத்தைப் பாருங்கள். ஆரணியைக் காப்பாற்றிய, விரலால் தொட்டுக்காட்டுகிற இந்த வழக்கத்தைத் தூக்கவேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் யாராவது கத்தினால், கிழவனுக்கு முழங்கால் வலி, இருந்தாலும் பஸ் பிடித்து வருவேன் என்று சொல்லுங்கள்.

கோடை முடிகிற நேரம், ஒரு வெள்ளிக்கிழமை, சிவன் கோயிலில் ஆரணியைக் கண்டேன். டாக்டர் மெல்ல மெல்லப் பயிற்சிக்கு விட்டிருந்தார். மெகன் பினாங்கிலிருந்து ஒரு வாள் குஞ்சம் வாங்கிவந்து கொடுத்திருந்தாள், அது ஆரணியின் பையில் தொங்கியது. என்னைக் கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள். குடும்ப வழக்கம்.

தாய் வந்தார். கையில் வெள்ளித்தாள் பார்சல்.

என் கால் தானாகப் பின்னால் போனது. "பிள்ளைக்கு என்ன?" என்றேன்.

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை, அண்ணை. இது வெறும் வடை. அவளே சுட்டவள், உங்களுக்கெண்டு."

"எனக்கெண்டோ? ஏன்?"

"கேள்வி கேளாமல் சாப்பிடுங்கோ."

திறந்தேன். திருப்பிப் பார்த்தேன். பிய்த்தும் பார்த்தேன். பக்கத்தில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு கடி கடித்தேன். உப்பு. கடலையே காய்ச்சி ஊற்றினமாதிரி உப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதல்முறை சுடுகிற பிள்ளைக்கு அளவு தெரியாமல் போயிருக்கலாம். தெரிந்தே அள்ளிப் போட்டிருக்கலாம். நிமிர்ந்து பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில் ஆரணி, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், நடுவர் கொடிக்காகக் காத்திருப்பவள்போல என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிச்சத்தையும் வாயில் போட்டு விழுங்கினேன். பிறகு இடது கையில் இரண்டு விரலை நீட்டி, என் நெஞ்சில் வைத்தேன்.

மூன்று புள்ளி. அவள் சிரித்துவிட்டாள்.